மாம்பழத்துக்கு ‘எ’ போடலாம், பயத்துக்குப் போடலாமா?

ஆனி மாதப் பௌர்ணமி நெருங்கினால் காரைக்காலில் மாம்பழத்துக்குத் தனி மரியாதை வந்துவிடும். மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் வாசல்களிலிருந்தும் பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் முந்தானையை விரித்தும் துண்டை ஏந்தியும் பிடிப்பார்கள். கடையில் கிலோ கணக்கில் வாங்கித் தின்னும் அதே பழம்தான். அன்றைக்கு மட்டும் ஒன்று கையில் விழுந்தால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வணிகன் பரமதத்தன் கடையிலிருந்து வீட்டுக்கு இரண்டு மாம்பழங்களை அனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியார் ஒருவருக்கு மனைவி புனிதவதி அதில் ஒன்றைக் கொடுத்துவிடுகிறாள். மதியம் சாப்பிட வந்த கணவன் மிச்சமிருந்த பழத்தைத் தின்றுவிட்டு, ருசியில் மயங்கி, இன்னொன்றையும் கேட்கிறான். அவள் உள்ளே போய் இறைவனை வேண்ட, கையில் ஒரு பழம் வருகிறது. அதன் ருசியோ வேறு மாதிரி. எங்கிருந்து வந்தது என்று கேட்கிறான். உண்மையைச் சொல்கிறாள். நம்பாமல், “அப்படியானால் இன்னொன்று வரவழை” என்கிறான். வருகிறது. அவன் கையில் வாங்கியதும் மறைந்துவிடுகிறது. வீட்டில் இருப்பவள் மனுஷி இல்லை, தெய்வம் என்ற பயம் அவனைப் பிடித்துக்கொள்கிறது. கப்பலேறிப் போனவன் திரும்பி வரவேயில்லை. புனிதவதி காரைக்கால் அம்மையார் ஆனாள்.

இதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எங்கே இடிக்கும்? மாம்பழத்தில் இடிக்காது. ஒரு மாம்பழம், ‘எ மேங்கோ’. இரண்டு என்றால் ‘டூ மேங்கோஸ்’. எண்ணிவிடலாம். இடிப்பது கடைசியில்தான். பரமதத்தனுக்கு ஒரு பயம் வந்தது. அவன் மனைவிக்கு ஒரு பொறுமை இருந்தது. அவர்கள் நடுவே ஓர் அமைதி நிலவியது. ‘எ ஃபியர்’, ‘எ பேஷன்ஸ்’, ‘எ சைலன்ஸ்’ என்று எழுதினால் மூன்றில் ஒன்று சரி, ஒன்று தப்பு, ஒன்று பாதிச் சரி. எது எது என்று கேட்டால், ஆங்கிலம் நன்றாகப் படித்தவர்களே கொஞ்சம் தலையைச் சொறிவார்கள்.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அண்மையில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறியதில் காரைக்கால் பிள்ளைகளும் அடக்கம். தமிழ் வழியில் ஓடிக்கொண்டிருந்தவர்கள், விடைகளை ஆங்கிலத்தில் எழுத வேண்டிய கட்டாயத்துக்கு வந்தார்கள். ‘எ’, ‘ஆன்’, ‘தி’ என்ற மூன்று சின்னச் சொற்கள் கட்டுரையிலும் இலக்கணக் கேள்வியிலும் மதிப்பெண்ணைக் கொத்திக்கொண்டு போகும். அதிலும் பொறுமை, பயம், அறிவு, அனுபவம் மாதிரி கண்ணால் பார்க்கவோ கையால் தொடவோ முடியாத பெயர்ச்சொற்கள் வரும்போது, பேனா அப்படியே நின்றுவிடும்.

பள்ளியில் சொல்லித் தருகிற விதி சுருக்கமானது. இப்படிப்பட்ட சொற்களுக்கு ‘அப்ஸ்ட்ராக்ட் நௌன்’ என்று பெயர், எண்ண முடியாது, ஆகவே முன்னால் ‘எ’ வராது. பிள்ளையும் மனப்பாடம் செய்துகொள்கிறது. மறுநாள் ஆங்கிலப் பேப்பரைத் திறந்தால் ‘எ டீப் சைலன்ஸ்’ என்று இருக்கிறது. வேலைவாய்ப்பு விளம்பரத்தில் ‘எ ஒர்க்கிங் நாலெட்ஜ் ஆஃப் ஃபிரெஞ்ச்’ வேண்டும் என்று போட்டிருக்கிறது. படித்த விதி பொய்யா, பேப்பர்க்காரர் தப்பா? இரண்டும் இல்லை. விதியின் பாதியை மட்டும் சொல்லிவிட்டு மீதியைச் சொல்லாமல் விட்டதுதான் குழப்பம்.

அந்த மீதியைப் புரிந்துகொள்ள ஆங்கிலப் புத்தகத்தைவிடத் தமிழ்க் காது அதிகம் உதவும். தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாதே என்பார்கள். இலக்கணப்படி அது உண்மை. ஆனால் ‘ஒரு’ என்ற சொல் சும்மா எண்ணுவதற்கு மட்டுமா பயன்படுகிறது? “பெரியவங்கன்னா ஒரு மரியாதை வேணாமா?” என்று கேட்கும் பாட்டி மரியாதையை எண்ணிக்கொண்டா இருக்கிறார்? “கடலைப் பார்த்தா மனசுக்கு ஒரு நிம்மதி” என்றால், நிம்மதி ஒன்றா இரண்டா என்று யாரும் கேட்பதில்லை. “பிள்ளைங்களுக்கு அப்பான்னா ஒரு பயம் இருக்கணும்” என்பதில் அந்த ‘ஒரு’வை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அர்த்தம் கெடாது, ஆனால் கொஞ்சம் தட்டையாகிவிடும். ‘ஒரு பயம்’ என்னும்போது அது பொதுவான பயமில்லை. குறிப்பிட்ட வகைப் பயம், குறிப்பிட்ட அளவுள்ள பயம், சொல்பவருக்கும் கேட்பவருக்கும் புரிந்த பயம். ஆங்கில ‘எ’ செய்கிற வேலையும் ஏறக்குறைய இதேதான்.

இரண்டுக்கும் பிறப்பும் ஒரே மாதிரி. ஆங்கிலத்தின் ‘எ’ முதலில் தனிச் சொல்லே இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்றால் ‘ஒன்று’. அந்த எண்ணுப்பெயர்தான் தேய்ந்து ஆர்ட்டிகிள் ஆனது. மெய்யெழுத்து ஒலிக்கு முன்னால் கடைசி ஒலியும் உதிர்ந்து வெறும் ‘எ’ ஆகிவிட்டது. உயிர் ஒலிக்கு முன்னால் பழையபடி ‘ஆன்’ என்றே நின்றது. தமிழிலும் ஒரு வீடு, ஓர் ஊர். உயிரெழுத்துக்கு முன்னால் ஓர், மற்ற இடத்தில் ஒரு. பேச்சில் யாரும் ‘ஓர்’ சொல்வதில்லை, எழுத்திலும் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள் என்பது வேறு கதை. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு மொழிகள், அடுத்து வருவது உயிரா மெய்யா என்று பார்த்து எண்ணுச் சொல்லை மாற்றிக்கொள்வது ஆச்சரியம்தான்.

இந்த ‘ஆன்’ செய்த ஒரு குறும்பை கிரிக்கெட் ரசிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ‘அம்பயர்’ என்ற சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘நூம்பேர்’ என்பதுபோல முன்னால் ஒரு ‘ந’ இருந்தது. எந்தப் பக்கமும் சேராத ஆள் என்று பொருள். ‘எ நூம்பேர்’ என்று வேகமாகச் சொல்லிச் சொல்லி, அந்த ‘ந’ ஒலி ஆர்ட்டிகிளோடு ஒட்டிக்கொண்டு ‘ஆன் அம்பயர்’ ஆகிவிட்டது. நடுவரிடமே ஒரு விக்கெட்டை எடுத்த ஆர்ட்டிகிள் அது.

காரைக்கால் கரையில் நின்று பார்த்தால் விஷயம் இன்னும் சுவையாகும். வடக்கே சிறிது தூரத்தில் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்த ஊர். தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் நாகப்பட்டினம். போர்த்துக்கீசியர் இருந்தார்கள், 1658-ல் டச்சுக்காரர்கள் வந்தார்கள், 1781-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். நடுவே காரைக்கால், 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் ஐந்து ஐரோப்பிய மொழிகள் கப்பலிலிருந்து இறங்கியிருக்கின்றன. ஐந்திலும் இந்த ஆர்ட்டிகிள் உண்டு. போர்த்துக்கீசில் ‘உம்’, டச்சில் ‘ஏன்’, டேனிஷில் ‘என்’, பிரெஞ்சில் ‘அன்’, ஆங்கிலத்தில் ‘எ’. ஐந்துமே ‘ஒன்று’ என்ற எண்ணிலிருந்து பிறந்தவை. தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழுக்கு எழுதி 1716-ல் அச்சான இலக்கண நூல் லத்தீனில் இருந்தது. லத்தீனில் ஆர்ட்டிகிள் என்பதே இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அவருக்குத் தலைவலி மிச்சம்.

காரைக்காலுக்கு பிரெஞ்சு வெறும் பழங்கதை இல்லை. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து, 1962 ஆகஸ்ட் 16-ல்தான் சட்டப்படி முடிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதித் தரலாம் என்றார்கள். எழுதித் தந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் பிரான்ஸுக்கும் காரைக்காலுக்கும் போக வர இருக்கிறார்கள். அந்தக் காலப் பள்ளியில் பிரெஞ்சு படித்த பெரியவர்கள் சிலர் வீடுகளில் இன்னும் உண்டு.

அப்படி ஒரு வீட்டில் தாத்தா ஆங்கிலத்தில் எழுதினால் தப்பு ஒரு பக்கம் போகும், பேத்தி எழுதினால் இன்னொரு பக்கம் போகும். பிரெஞ்சில் வாழ்க்கை என்றால் ‘லா வி’. முன்னால் அந்த ‘லா’ இல்லாமல் வாக்கியம் நிற்காது. வாழ்க்கை, மரணம், பொறுமை, அன்பு எதைப் பொதுவாகச் சொன்னாலும் ‘லா’வோ ‘ல’வோ வேண்டும். அந்தப் பழக்கத்தில் தாத்தா ஆங்கிலத்திலும் ‘தி லைஃப் இஸ் டிஃபிகல்ட்’ என்று எழுதிவிடுவார். பேத்திக்கு அந்தத் தொந்தரவு இல்லை. தமிழில் ‘வாழ்க்கை கஷ்டம்’ என்று முன்னால் ஒன்றும் போடாமல் சொல்லிப் பழகியவள். ‘லைஃப் இஸ் டிஃபிகல்ட்’ என்று சரியாக எழுதிவிடுவாள்.

“தாத்தா, இங்கிலீஷ்ல இந்த ‘தி’ வராது.”

“வாழ்க்கைக்கு ஒரு மரியாதை வேணாமாம்மா?”

என்று அவர் கேட்டாலும் கேட்பார்.

ஆனால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. அதுதான் ‘ஆன் அட்வைஸ்’. பிரெஞ்சில் அறிவுரை என்பது ‘அன் கொன்செய்’, எண்ணக்கூடிய சொல். ஒரு அறிவுரை, இரண்டு அறிவுரைகள். தகவலும் அப்படியே, ஒரு தகவல், பல தகவல்கள். தமிழிலும் அப்படித்தான். ஆகவே தாத்தா பிரெஞ்சு வழியாகவும் பேத்தி தமிழ் வழியாகவும் வந்து ‘ஆன் அட்வைஸ்’, ‘ஆன் இன்ஃபர்மேஷன்’ என்று எழுதி, ஒரே சிவப்பு மையில் நனைவார்கள். ஆங்கிலத்தில் இந்த இரண்டு சொற்களுக்கும் ‘எ’யும் கிடையாது, பன்மையும் கிடையாது. எவ்வளவு அடைமொழி சேர்த்தாலும் கிடையாது. ‘எ வெரி யூஸ்ஃபுல் அட்வைஸ்’ என்றாலும் தப்புதான். ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ என்று ஒரு துண்டு வெட்டித்தான் எண்ண வேண்டும், கேக் மாதிரி. வங்கியில் மட்டும் ஒரு விலக்கு. பணம் வந்தது, போனது என்று அறிவிக்கும் சீட்டுக்கு அங்கே ‘அட்வைஸ்’ என்று பெயர், அதை எண்ணலாம். அது அறிவுரை இல்லை, காகிதம்.

தமிழ்ப் பிள்ளைகள் இந்தக் குழியில் அதிகம் விழுவதற்கு இன்னொரு காரணம், இப்போதைய பேச்சுத் தமிழ். “உங்களுக்கு ஒரு குட் நியூஸ்!” என்று டிவியில் சொல்கிறார்கள். “ஒரு சின்ன ஹெல்ப் பண்ணுங்க”, “ஒரு இன்ஃபர்மேஷன் வேணும்”, “சார், ஒரு பெர்மிஷன்” என்று நாள் முழுக்கக் காதில் விழுகிறது. தமிழாக இவை எல்லாமே ஒழுங்கான வாக்கியங்கள். ‘ஒரு’ தமிழ்ச் சொல், அது யாரோடும் சேரும். பிறகு அதே வாக்கியத்தை முழு ஆங்கிலமாக்கும்போது, அந்த ‘ஒரு’ கூடவே வந்து ‘எ’ ஆகிவிடுகிறது. ‘எ குட் நியூஸ்’, ‘எ பெர்மிஷன்’. தப்பு ஆங்கில அறிவுக் குறைவால் வருவதில்லை, தமிழில் சரளமாக ஆங்கிலம் கலப்பதால் வருகிறது. நியூஸ், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், பெர்மிஷன், புரோக்ரஸ், லக், ஃபன், ஹெல்த், வெதர், ஹோம்வொர்க், எவிடென்ஸ் ஆகிய பிடிவாதக்காரர்களை மட்டும் தனியே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. ‘எ குட் ஹெல்த்’ கிடையாது, ‘எ கிரேட் ஃபன்’ கிடையாது. இவற்றில் காரணம் தேடிப் பயனில்லை; பழக்கம்தான் காரணம்.

மற்ற சொற்களுக்குக் காரணம் உண்டு. இங்கேதான் தமிழ்க் காது கைகொடுக்கும். சொல்ல வருவது ‘எப்படிப்பட்டது’ என்ற கேள்விக்குப் பதிலா என்று பார்க்க வேண்டும். அறிவு என்று பொதுவாகச் சொன்னால் வெறும் ‘நாலெட்ஜ்’. தமிழில் நல்ல தேர்ச்சி, பிரெஞ்சில் வேலைக்கு ஆகிற அளவு தெரியும் என்று வகைப்படுத்திச் சொன்னால் ‘எ குட் நாலெட்ஜ் ஆஃப் டமில்’. கல்வி என்றால் ‘எஜுகேஷன்’; பிள்ளைக்கு நல்ல படிப்பு கிடைத்தது என்றால் ‘எ குட் எஜுகேஷன்’. தமிழில் ‘ஒருவித’ என்றோ ‘அப்படி ஒரு’ என்றோ சேர்த்துப் பார்த்தால் வாக்கியம் பொருந்துகிறதா? “அவகிட்ட அப்படி ஒரு பொறுமை” என்று வாய் தானாகச் சொன்னால், ஆங்கிலத்திலும் ‘எ’ எட்டிப் பார்க்க வாய்ப்பு உண்டு. ஆனால் அது எப்படிப்பட்ட பொறுமை என்று பின்னாலேயே சொல்லிவிட வேண்டும். ‘ஷி ஹேஸ் எ பேஷன்ஸ்’ என்று மொட்டையாக விட்டால் தப்பு; யாரிடமும் பார்க்காத பொறுமை என்று பின்னால் விளக்கம் தொடர்ந்தால் நிற்கும்.

பொறுமைக்கு மட்டும் மூன்று மொழியும் மூன்று வழி போவதைப் பாருங்கள். பிரெஞ்சில் அளவு கடந்த பொறுமையை ‘யூன் பஸியான்ஸ் தான்ஜ்’ என்பார்கள், தேவதையின் ‘ஒரு’ பொறுமை. ஆங்கிலத்தில் அதையே பைபிளில் வரும் யோபுவின் பெயரால் ‘தி பேஷன்ஸ் ஆஃப் ஜோப்’ என்பார்கள். அங்கே ‘எ’ போய் ‘தி’ வந்துவிடுகிறது, யோபுவின் பொறுமை உலகம் அறிந்தது என்பதால். தமிழில் பூமாதேவி போதும், முன்னால் எதுவும் வேண்டாம்.

இன்னொரு கேள்வி, அது ஒரு முறை நடந்த நிகழ்ச்சியா என்பது. வகுப்பில் ஆசிரியர் கத்துவது ‘சைலன்ஸ்’. பேச்சுக்கு நடுவே சட்டென்று விழுந்த அமைதி ‘எ சைலன்ஸ்’. அதற்கு ஆரம்பமும் முடிவும் உண்டு. மரணம் பொதுவானால் ‘டெத்’. வீட்டில் ஒரு சாவு என்றால் ‘எ டெத் இன் த ஃபேமிலி’. கருணை ‘கைண்ட்னஸ்’, அவர் செய்த ஓர் உதவி ‘எ கைண்ட்னஸ்’. புரிதல் ‘அண்டர்ஸ்டாண்டிங்’, இரண்டு பேர் வாய்மொழியாகச் செய்துகொண்ட ஏற்பாடு ‘ஆன் அண்டர்ஸ்டாண்டிங்’. “அந்த ரெண்டு கட்சிக்குள்ளயும் ஒரு அண்டர்ஸ்டாண்டிங் இருக்கு” என்று டீக்கடையில் பேசுகிறவர் இலக்கணம் படிக்காமலேயே இதைச் சரியாகச் சொல்கிறார்.

ஒரே ஒரு ‘எ’ எவ்வளவு தூரம் ஆளை மாற்றும் என்பதற்கு, பாடப்புத்தகத்தில் அச்சாகியிருக்கும் அரசியல் சாசன முகவுரையையே எடுத்துக்கொள்ளலாம். ஜஸ்டிஸ், லிபர்ட்டி, ஈக்குவாலிட்டி, ஃபிராட்டர்னிட்டி. நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். பின் மூன்றும் பிரெஞ்சுக் குடியரசின் முழக்கமாகக் காரைக்கால் கண்டவை. எதற்கும் ‘எ’ இல்லை. போட்டால் என்ன ஆகும்? ‘எ ஜஸ்டிஸ்’ என்றால் நீதி இல்லை, நீதிபதி. ‘எ லிபர்ட்டி’ என்றால் சுதந்திரம் இல்லை, யாரோ எடுத்துக்கொண்ட அதிகப்படியான உரிமை, அத்துமீறல். ‘ஆன் ஈக்குவாலிட்டி’ கணக்குப் பாடத்துக்குப் போய்விடும். ‘எ ஃபிராட்டர்னிட்டி’ என்றால் ஒரு சங்கம். அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்கள் சேர்ந்து வைத்துக்கொள்வது. நாடே நிற்கிற நான்கு பெரிய சொற்கள், முன்னால் ஓர் எழுத்து வந்ததும் நீதிமன்றம், வம்பு, கணக்கு, ஹாஸ்டல் என்று சிதறிவிடுகின்றன.

தேர்வில் ஒரு மதிப்பெண் போனால் போகட்டும். வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது போவது வேறு. காரைக்காலிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நர்ஸாகவும் டெக்னீஷியனாகவும் போகிறவர்கள் ஏராளம். ‘ஐ ஹேவ் ஆன் எக்ஸ்பீரியன்ஸ் ஆஃப் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதினால் இந்தியாவில் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். ஆனால் ஆங்கிலத்தில் வேலை அனுபவம் எண்ண முடியாதது, வெறும் ‘எக்ஸ்பீரியன்ஸ்’. ‘ஆன் எக்ஸ்பீரியன்ஸ்’ என்றால் மறக்க முடியாத ஒரு சம்பவம். ஐந்து வருடம் வார்டில் ராத்திரி பகல் பார்த்த உழைப்பு, படிப்பவர் கண்ணுக்கு ஒரு சம்பவமாகச் சுருங்கிவிடக் கூடாது. ‘ஃபைவ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ போதும். அதே போல ‘ஐ வாண்ட் எ வொர்க்’ என்றால் ஓவியமோ நூலோ வாங்க வந்தவர் மாதிரி இருக்கும். வேலை வேண்டுமென்றால் ‘எ ஜாப்’.

உறவுக்குள்ளும் இது வேலையைக் காட்டும். பிரான்ஸிலோ லண்டனிலோ இருக்கும் சம்பந்தி வீட்டார் ‘இட்ஸ் எ ஷேம் யூ குடுண்ட் கம்’ என்று மெசேஜ் அனுப்புகிறார்கள். ‘ஷேம்’ என்றால் வெட்கம் என்று மட்டும் தெரிந்த மாமா, “கல்யாணத்துக்கு வராதது வெட்கக்கேடுன்னு எழுதியிருக்காங்க பாரு!” என்று கொதிக்கிறார். அவர்கள் எழுதியது, “அடடா, வர முடியாம போச்சே” என்ற ஆதங்கம். ‘எ ஷேம்’, ‘எ பிட்டி’ இரண்டும் அந்த ‘அடடா’தான்.

‘ஃபெய்லியர்’ இன்னும் கடுமையானது. தோல்வி பொதுவாக ‘ஃபெய்லியர்’. ஒரு முயற்சி தோற்றால் அந்த முயற்சி ‘எ ஃபெய்லியர்’. ஆனால் அதையே ஆளுக்குச் சொன்னால், ‘ஹி இஸ் எ ஃபெய்லியர்’, அவன் வாழ்க்கையிலேயே உதவாக்கரை என்று பொருள். கணக்கில் ஃபெயிலான பையனைப் பற்றி அப்பா சாதாரணமாக இப்படிச் சொல்லிவிடுகிறார். தமிழில் ‘அவன் ஒரு தோல்வி’ என்று யாரும் பெற்ற பிள்ளையைச் சொல்ல மாட்டார்கள். ‘ஹி ஃபெயில்டு இன் மேத்ஸ்’ என்று சொன்னால் கணக்கோடு போய்விடும்.

எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுகிற இடம் ஆஸ்பத்திரி. ஐ.சி.யூ. வாசலில் டாக்டர் ஆங்கிலத்தில் இரண்டு வரி சொல்லிவிட்டு நடக்கிறார். ‘தேர் இஸ் லிட்டில் ஹோப்’ என்றால் நம்பிக்கை கிட்டத்தட்ட இல்லை, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று அர்த்தம். ‘தேர் இஸ் எ லிட்டில் ஹோப்’ என்றால் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது, பார்ப்போம். நடுவில் இருப்பது அந்த ஒரு ‘எ’, அதுவும் வாய்க்குள் தேய்ந்து போகிற ஒலி. பதற்றத்தில் நிற்கிற மகனுக்கு அது காதில் விழுந்ததா என்பது சந்தேகம். தமிழில் “கொஞ்சம் நம்பிக்கை இருக்கு” என்பதற்கும் “நம்பிக்கை ரொம்பக் கம்மி” என்பதற்கும் குழப்பமே வராது. அந்த இடத்தில், “டாக்டர், தமிழ்ல சொல்லுங்க” என்று கேட்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பவர்களுக்கு இது தினப்படித் தொல்லை. காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி வெண்பாக்களால் ஆனது. அன்பு, அறிவு, அருள் மாதிரி சொற்கள் மூலத்தில் எந்த முன்னொட்டும் இல்லாமல் இறங்கி நிற்கும். ஆங்கிலத்தில் கொண்டுவருகிறவர் ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும். ‘லவ்’ என்றால் உலகத்து அன்பெல்லாம். ‘எ லவ்’ என்றால் இப்படிப்பட்ட ஓர் அன்பு என்று இனம் பிரித்துச் சொல்வது. ‘தி லவ்’ என்றால் ஏற்கெனவே சொன்ன அந்த அன்பு. தமிழ் மூன்றையும் ஒரே சொல்லில் திறந்து வைத்திருக்கிறது. ஆங்கிலம் இரண்டு கதவை மூடச் சொல்கிறது.

சரி, பரமதத்தன் கதையை எழுதும் காரைக்கால் மாணவி என்ன எழுதலாம்? அவனுக்குப் பயம் வந்தது என்று மட்டும் சொல்வதானால் ‘ஹி ஃபெல்ட் ஃபியர்’ சரி. நாயைப் பார்த்தாலும் அதுதான், இடியைக் கேட்டாலும் அதுதான். ‘ஹி காட் எ ஃபியர்’ என்று மொட்டையாக எழுதினால் சிவப்பு மை நியாயம். ஆனால் அவனுக்கு வந்தது நாய்க்கு வரும் பயமில்லை. சோறு போட்டு எதிரே நிற்கிற மனைவி மனுஷி இல்லை என்று தெரிந்த பயம். ஊரை விட்டு ஓடி, பாண்டி நாட்டில் வேறு கல்யாணம் செய்து, பிறந்த மகளுக்கு முதல் மனைவியின் பெயரையே வைக்கச் செய்த பயம். ‘எ ஃபியர் ஹி ஹேட் நெவர் நோன்’, இதுவரை அறிந்திராத ஒரு பயம் என்று அவள் எழுதினால், ஆசிரியர் அந்த ‘எ’யை அடிக்கக் கூடாது.